கயிற்றைக் கண்டாலே படுத்துக்கொள்ளும் நாய்

தெருவிலிருந்து மீட்ட நாய்க்குக் கழுத்துப்பட்டை மாட்டியதும் பல நாய்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் சிறுநீர் விட்டுவிடும். அது அடமில்லை, பயம். இழுக்க இழுக்கப் பயம்தான் வளரும்.

முதலில் கழுத்தை விட்டுவிடுங்கள். மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸ் வாங்கி, சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் சும்மா போட்டு வையுங்கள். பக்கிள் 'டிக்' என்று பூட்டும் சத்தத்துக்கே சில நாய்கள் துள்ளி ஓடும். அதனால் மாட்டாமலே தள்ளி நின்று பூட்டிக் காட்டி, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு கோழி கொடுங்கள். பட்டாணி அளவு போதும். உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்தது. சத்தம் கேட்டதும் வாலாட்டிக்கொண்டு உங்கள் கையைப் பார்த்தால் மாட்டலாம். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

பிறகு ஒரு மீட்டர் பருத்திக் கயிற்றை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு திரிய விடுங்கள், நீங்கள் கூடவே இருக்கும்போது மட்டும். நுனியைக் கையில் எடுத்ததும் அது உறைந்து நின்றால் கயிற்றைத் தளர்த்திவிட்டுக் காத்திருங்கள். ஒரு அடி வந்தாலும் கோழி.

வெளியே போகும்போது ஹார்னஸிலும் கழுத்துப்பட்டையிலும் தனித்தனிக் கயிறு கட்டாயம். பயந்த நாய் பின்னால் நகர்ந்தே ஹார்னஸிலிருந்து உருவிக்கொள்ளும்.

வேலூர் வெயிலில் விடிகாலைதான் நேரம். தார் ரோட்டில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயை நடத்தாதீர்கள். சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கத் தெருக்களில் குப்பைத் தொட்டி முனையில் மற்ற நாய்கள் நிற்கும். எட்ட இருக்கும்போதே எதிர்ப்பக்கம் மாறிவிடுங்கள்.