இரண்டு குரல், ஒரு மைக்: பழைய புளூகிராஸ் பாட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்ய

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அண்ணன் தம்பி ஜோடிகள் பாடிய பழைய பாட்டுகளுக்கு ஒரு கிதாரும் ஒரு மாண்டலினும் இரண்டு குரலும் போதும். 1936ல் பில் மன்ரோவும் அவர் அண்ணன் சார்லியும் பதிவு செய்தது அப்படித்தான். அந்த வழியில் பான்ஜோ, ஃபிடில், பாஸ் எல்லாம் சேர்ந்து புளூகிராஸ் என்ற குழு இசையாகப் பெரிதாக வளர்ந்த பிறகும், 1980ல் ரிக்கி ஸ்காக்ஸும் டோனி ரைஸும் அதே இரண்டு வாத்தியத்தோடு ஒரு ஆல்பம் போட்டார்கள். ஜோடியாகப் பாட நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த ஆல்பத்தைத்தான். யாங்கூனில் இருக்கும் நமக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. மாண்டலின் இங்கே பர்மியப் பாட்டிலேயே ஊறிய வாத்தியம், ஸ்ரீநிவாஸைக் கேட்டு வளர்ந்த தமிழ் வீடுகளுக்கும் அது புதிதில்லை. எங்கள் வீட்டில் தம்பி கிதாரோடு மெட்டைப் பாடுகிறான், நான் மாண்டலின் வாசித்து மேல்குரல், அதாவது மெட்டுக்கு மேலே ஒட்டி ஓடும் இரண்டாம் குரல், பாடுகிறேன்.

பாட்டுத் தேர்வில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ரயில், ஆற்றங்கரைக் கொலை, அம்மாவின் கல்லறை, சொர்க்கம் என்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரே மாதிரி சோகம் மூன்று பாட்டு தொடர்ந்தால் கேட்பவர் எழுந்து போய்விடுவார். நான்கு தட்டு, மூன்று தட்டு, வேகம், நிதானம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். பத்துப் பாட்டு தாராளம். வார்த்தைகளை மொழிபெயர்க்காமல் அப்படியே பாடுங்கள், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பொருள் தெரிந்து பாடுங்கள். கொலைப் பாட்டைச் சிரித்த முகத்தோடு பாடினால் அந்தக் கதைக்கே மரியாதை இல்லை.

அடுத்தது சுருதி. மெட்டுப் பாடுபவருக்கு எது சுகமோ அதை எடுப்பதுதான் நம் வழக்கம். இங்கே மேல்குரல் எட்ட வேண்டிய உச்ச ஸ்வரத்தை வைத்துத்தான் சுருதியை முடிவு செய்ய வேண்டும். அந்த இடத்தில் தொண்டை லேசாக இழுபட வேண்டும், கத்தக் கூடாது. தம்பி கிதாரின் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி ஜி சுருதியின் பிடிகளை, அதாவது கார்டுகளை, வாசிக்கிறான், சுருதி ஏ ஆகிவிடுகிறது. எங்கள் குரல்களுக்கு அது சரியாக இருக்கிறது.

இனி மேல்குரல். நம்மவர்களுக்குச் சிக்கலே இதுதான். சின்ன வயதிலிருந்து கோவில் பஜனையில் எல்லோரும் ஒரே ஸ்வரத்தில் பாடிப் பழகியதால், பக்கத்தில் மெட்டுக் கேட்டதும் காது அதன் பின்னால் போய்விடும். கணக்கு எளிது. கிதாரில் எந்தப் பிடி ஓடுகிறதோ, அந்தப் பிடிக்குள் மெட்டுக்கு அடுத்த மேல் ஸ்வரத்தைப் பிடியுங்கள். ஆதாரப் பிடி ச, க, ப. மெட்டு சவில் நின்றால் நீங்கள் க. மெட்டு கவுக்குப் போனால் நீங்கள் ப. மெட்டு பவுக்கு ஏறினால் நீங்கள் மேல் ச. பஞ்சமப் பிடிக்கு மாறும்போது ஸ்வரங்கள் ப, நி, ரி ஆகின்றன. அங்கே மெட்டு ரியில் இருந்தால் நீங்கள் ப. இந்தப் பாட்டுகளில் பல மோகனத்தின் ஐந்து ஸ்வரத்துக்குள் அடங்கிவிடும். ஆனாலும் மேல்குரலுக்கு மவும் நியும் தேவைப்படும், தயங்காமல் தொடுங்கள்.

கணக்கு தெரிந்தால் மட்டும் குரல் நிற்காது. மேல்குரலை மட்டும் தனியாக, மாண்டலினில் வாசித்துக்கொண்டே, அதுவே ஒரு தனிப் பாட்டு என்று தோன்றும் வரை பாடுங்கள். பாத்திரம் கழுவும்போது அது தானாக வாயில் வர வேண்டும். அப்புறம் மற்றவர் மெட்டை மெல்ல முனகட்டும், நாளாக நாளாகச் சத்தத்தைக் கூட்டட்டும். கமகத்தை மூட்டை கட்டி வையுங்கள். இரண்டு குரலும் நேராக நின்றால்தான் நடுவில் அந்த உலோகக் கணீர் பிறக்கும். வழுக்கிப் போகிற இடம் இருந்தால் இருவரும் சேர்ந்தே வழுக்க வேண்டும். சொல்லின் கடைசி எழுத்தை ஒரே நேரத்தில் முடிக்க, எதிரில் இருப்பவரின் உதட்டைப் பாருங்கள், தாளைப் பார்க்காதீர்கள்.

வாசிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிதார் ஒன்றாம், மூன்றாம் தட்டில் தடித்த மந்தரக் கம்பி, இரண்டிலும் நான்கிலும் பிடி. பெரிய குழுவில் மாண்டலின் அந்த இரண்டு, நான்கில் சடக்கென்று வெட்டும். ஜோடிப் பாட்டில் அந்த வெட்டு குரலை மிதித்துவிடும் என்பது என் கருத்து. மெதுவாக உரசுங்கள், வரிகளுக்கு நடுவில் மட்டும் மாண்டலினைப் பேச விடுங்கள்.

பதிவுக்கு ஒரே மைக் போதும். 1927ல் இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பாடகர்களைத் தேடிப் போன ரால்ஃப் பியர், அமெரிக்காவின் பிரிஸ்டல் ஊரில் ஒரு தொப்பிக் கடைக் கட்டடத்தில், சுவரில் கம்பளி தொங்கவிட்டுத்தான் கார்ட்டர் குடும்பம் என்ற பாடகர் குழுவைப் பதிவு செய்தார். நீங்களும் போர்வைகளைத் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் கண்டென்சர் மைக் என்றால் இருவரும் தோளோடு தோள் ஒட்டி, மைக்கிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நில்லுங்கள். மைக் கழுத்து உயரத்தில் இருந்தால் குரலும் வாத்தியமும் சேர்ந்து விழும். கிதாரின் ஓட்டை நேராக மைக்கைப் பார்த்தால் குமுகுமுவென்று கேட்கும், எனவே கழுத்து உடலில் சேரும் இடத்தை மைக் பக்கம் திருப்புங்கள். அப்புறம் நகர்வுதான் எல்லாம். மாண்டலின் தனியாக வரும்போது நான் அரை எட்டு முன்னே போவேன், தம்பி சாய்ந்து வழி விடுவான். மேல்குரல் இயல்பாகவே கூர்மையாகக் கேட்கும் என்பதால், பாடும்போது நான் அவனைவிட ஒரு சாண் பின்னே நிற்பேன். பிறகு கணினியில் குரலைத் தனித்தனியாகச் சரி செய்ய முடியாது. அதனால்தான் இருவரும் ஒருவரை ஒருவர் உண்மையாகக் கேட்கிறார்கள்.

நேரம்? கரண்ட் போனால் தெரு முழுக்க ஜெனரேட்டர், வந்தால் தண்ணீர் மோட்டார். பேட்டரியில் ஓடும் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு விடியலுக்கு முன் உட்காருங்கள், காக்கைகள் எழுவதற்குள் முடித்துவிடுங்கள். அவை தொடங்கினால் எந்த மைக்கும் தாங்காது. பதிவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டினால் தூரத்து மோட்டார் உறுமல் பெருமளவு குறையும். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்துச் சுருதி நிற்காது, கம்பியும் துருப்பிடிக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மாண்டலினின் எட்டுக் கம்பியும் ஜோடி ஜோடியாகத் துல்லியமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு பாட்டுக்கும் முன் பாருங்கள்.

வெளியிடும் முன், பாட்டு உண்மையிலேயே யாருக்கும் சொந்தமில்லாததா என்று விசாரியுங்கள். பழையதாகத் தோன்றும் பல பாட்டுகளை யாரோ ஒருவர் எழுதியிருப்பார், அல்லது தன் பெயரில் பதிந்திருப்பார். அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு கடந்துவிட்ட பாட்டு என்றால் பயமில்லை. ஆனால் மூலப் பாட்டு பொதுச் சொத்து என்பதற்காக, ஒரு ஜோடி தங்கள் ஆல்பத்துக்குச் செய்த தனி அமைப்பை அப்படியே எடுக்கக் கூடாது. உறையில் பாரம்பரியப் பாடல் என்று போட்டு, யாருடைய பதிவைக் கேட்டுக் கற்றீர்களோ அவர்கள் பெயரையும் கீழே எழுதுங்கள்.