'ஹோரென்' என்றால் கேட்பது, 'அவுஃப்ஹோரென்' என்றால் நிறுத்துவது: எங்கே தவறுகிறோம்?

ஜெர்மன் படிக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே 'அவுஃப்ஹோரென்' எதிரே வந்துவிடும். 'ஹோரென்' என்றால் கேட்பது, 'அவுஃப்' என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் ஏன் 'நிறுத்துவது' என்று ஆகிறது? இதற்கும் காதுக்கும் சம்பந்தமே இல்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அதுதான் முதல் தவறு.

இடைக்கால ஜெர்மனிலேயே இந்தச் சொல் உண்டு. அப்போது 'ஊஃப்ஹோரென்'. வேலையில் மூழ்கியிருப்பவர் காதில் ஏதோ சத்தம் விழுகிறது. தலையை நிமிர்த்திக் காதைத் தீட்டுகிறார், கை தானாக நின்றுவிடுகிறது. காலப்போக்கில் கேட்டது மறைந்து, நின்றது மட்டும் பொருளாகத் தங்கிவிட்டது. சட்டென்று காதைத் தீட்டுவதற்கு 'அவுஃப்ஹோர்ஹென்' என்று ஒரு சொல் இன்றும் புழங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு புரியும். 'அவுஃப்மாஹென்' என்றால் திறப்பது, அதனால் இதுவும் 'காதைத் திற'தான் என்று சிலர் விளக்குவார்கள். அது வேண்டாம். இங்கே 'அவுஃப்' தலை மேலே எழுவதைச் சொல்கிறது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். வாக்கியத்தில் 'அவுஃப்ஹோரென்' இரண்டாகப் பிரிந்து, 'அவுஃப்' பின்னால் போய்விடும். 'ஹோர் அவுஃப்!' என்றால் 'நிறுத்து!'. 'ஹோர் அவுஃப் டைனெ முட்டர்!' என்றால் 'அம்மா சொல்வதைக் கேள்!'. முதல் இரண்டு சொற்கள் அதேதான், பொருள் வேறு. இரண்டாவதில் 'அவுஃப்' வினையோடு ஒட்டாமல் அம்மாவைச் சேர்ந்துவிடுகிறது. அழுத்தத்தைக் கவனியுங்கள்: முதலாவதில் 'அவுஃப்' மேல் விழும், இரண்டாவதில் 'முட்டர்' மேல். 'சொன்ன பேச்சைக் கேட்க மாட்டான்' என்று சொல்லிப் பழகிய நமக்கு, கேட்பது என்பது கீழ்ப்படிவதாகவும் ஆவது புதிதல்ல.

ஆனால் நம் தமிழே நம்மைச் சறுக்கவைக்கும் இடமும் உண்டு. மழையும் நிற்கிறது, பஸ்ஸும் நிற்கிறது. நமக்கு ஒரே சொல் போதும். ஜெர்மனில் மழைக்கு 'டேர் ரேகன் ஹோர்ட் அவுஃப்'. நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸுக்கு 'டேர் புஸ் ஹெல்ட்'. நடந்துகொண்டிருந்த ஒன்று ஓய்ந்துபோனால்தான் அவுஃப்ஹோரென்.

அப்புறம், 'வேலையை' நிறுத்துகிறேன் என்று நாம் சொல்வதை அப்படியே ஜெர்மனில் போடக் கூடாது. நடுவே 'மிட்' (அதாவது 'உடன்') வரவேண்டும்: 'இஹ் ஹோரெ மிட் டேர் ஆர்பைட் அவுஃப்'. பிரிந்துபோன 'அவுஃப்' கடைசியில் போய் உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்.