டெர்வொர்கில்லாவின் சொந்தபந்தத்தை மணிலா அட்டையில் வரையும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் புதிதாக ஒரு பிள்ளை கண்ணில் பட்டால், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வாழ்ந்து பழகிய பாட்டிகள் முதலில் கேட்பது "யாரு வீட்டுப் புள்ள?" என்பதுதான். 13-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துச் சீமாட்டியான டெர்வொர்கில்லாவின் வம்சத்தை வரையும்போதும் அந்தக் கேள்வியிலேயே தொடங்குங்கள். கணவரிடமிருந்து தொடங்கினால், அவர் மகனுக்கு அரியணை உரிமை எங்கிருந்து வந்தது என்பது விளங்காது.

அட்டையின் உச்சியில் அரசர் வில்லியமின் தம்பியான ஹண்டிங்டன் பிரபு டேவிட்டை எழுதி, அவருக்குக் கீழே மார்கரெட், இசபெல்லா, ஏடா என்னும் மூன்று மகள்களை வயது வரிசையில் இடமிருந்து வலமாக எழுதுங்கள். மூத்தவர் மார்கரெட்டும் காலோவே பிரபு ஆலனும் பெற்ற மகளே டெர்வொர்கில்லா. 1234-இல் ஆலன் இறந்தபோது, முறையான திருமணத்தில் பிறந்த ஆண் வாரிசு இல்லாததால், நிலம் அவருடைய மூன்று மகள்களுக்குப் பிரிந்தது.

அடுத்து, டெர்வொர்கில்லா 1223-இல் மணந்த ஜான் பேலியலை அவர் பக்கத்தில் சேருங்கள். 1268-இல் கணவர் இறந்ததும் அவருடைய இதயத்தைப் பதப்படுத்தித் தந்தப் பேழையில் வைத்துக்கொண்ட இந்த அம்மையார், 1273-இல் ஒரு மடாலயத்தையும் நிறுவினார். அதற்கு ஸ்வீட்ஹார்ட் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இனிக் குழப்பம் தொடங்கும். கணவர், மகன், மகளின் கணவர், பேரன் நால்வருமே ஜான்! நாம் ஸ்டோர் லெட்சுமி, பத்தாம் லயத்து லெட்சுமி என்று பிரிப்பதுபோல, ஒவ்வொரு ஜானுக்கும் இறந்த ஆண்டை ஒட்டுங்கள்: கணவர் 1268, மகன் 1314, மகளின் கணவர் கோமின் 1302, பேரன் கோமின் 1306.

ஆங்கில நூல்கள் 'கசின்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும் இடங்களில் நம் முறைப்பெயர்களை எழுதிப் பாருங்கள். இசபெல்லாவின் மகன் ராபர்ட் புரூஸுக்கு டெர்வொர்கில்லா பெரியம்மா மகள், அதாவது உடன்பிறந்தாள் முறை. எனவே 1290-இல் அரச வாரிசு அற்றுப்போனபின் அரியணைக்குப் போட்டியிட்டவர்களில் முன்னணியில் நின்ற இந்த ராபர்ட் புரூஸும் டெர்வொர்கில்லாவின் மகன் ஜானும் தாய்மாமனும் மருமகனும் ஆகிறார்கள். டேவிட்டுக்குத் தான் பேரன், ஜானோ கொள்ளுப்பேரன் என்று மாமன் வாதிட்டார். மூத்த மகள் வழி என்பதால் 1292 நவம்பரில் தீர்ப்பு மருமகன் பக்கம் சாய்ந்தது.

இந்த முறைப்பெயர்களை வைத்துத் திருமணப் பொருத்தம் மட்டும் பார்க்காதீர்கள். நமக்கு முறைப்பெண்ணாகும் மாமன் மகளை மணப்பது அன்றைய அவர்களுடைய திருச்சபைச் சட்டத்தில் தடையாக இருந்தது. போப்பின் விலக்கு வேண்டியிருந்தது.

கடைசியாக, டெர்வொர்கில்லாவின் மகள் பெற்ற கோமினையும், போட்டியிட்ட புரூஸின் பேரனான இன்னொரு ராபர்ட் புரூஸையும் ஒரு கோட்டால் இணையுங்கள். நம் கணக்கில் இவர்கள் அண்ணன் தம்பி முறை. அந்தக் கோட்டைச் சிவப்பில் போடுங்கள்: 1306 பிப்ரவரி 10 அன்று, டம்ஃப்ரீஸ் தேவாலயத்தில், கோமினைக் கத்தியால் குத்தியவர் அந்த ராபர்ட் புரூஸ்தான்.