வாசலை மூடிப் பாருங்கள்: நெட்லோகோவில் ஒரு வெளியேற்ற ஒத்திகை

ஆயுதத்தோடு ஒருவன் நுழைந்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் எப்படி வெளியேறுவார்கள்? ஒரு நூலகத்துக்காக இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். முப்பரிமாணப் பொம்மைகள் ஓடும் விலையுயர்ந்த மென்பொருளெல்லாம் வேண்டாம். ஆட்களுக்கு விதி சொல்லிக் கட்டங்களில் நகரவிட்டுப் பார்க்கும் நெட்லோகோ என்ற இலவச மென்பொருள் போதும். இன்ஸ்டால் செய்வதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

முதலில் தரைப்படம். ஒரு கட்டம் 40 சென்டிமீட்டர், அதாவது ஒரு ஆள் நிற்கும் இடம். ஒரு டிக் என்பது மாதிரியின் ஒரு படி; அதில் ஒருவர் ஒரு கட்டம் நகர்வார். சாதாரண நடை நொடிக்குச் சுமார் 1.2 மீட்டர் என்பதால் மூன்று டிக் ஒரு நொடி. செட்டிங்ஸில் 'வேர்ல்ட் ராப்ஸ்' இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிழக்கே போனவர் மேற்கே முளைப்பார்.

இனிதான் நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட இடம். வாசலைப் பார்த்து நடக்கச் சொன்னேன். பாதிப் பேர் புத்தக அலமாரியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். 'டிஸ்டன்ஸ்' என்ற கட்டளை நேர்கோட்டுத் தூரத்தைத்தான் அளக்கும், நடுவில் அலமாரி இருப்பது அதற்குத் தெரியாது. அதனால் வாசல் கட்டத்துக்கு 0 கொடுங்கள். ஒட்டிய கட்டங்களுக்கு 1, அவற்றை ஒட்டியவற்றுக்கு 2. வயலில் தண்ணீர் பாய்வதுபோல் சுவரைச் சுற்றிக்கொண்டு எண்கள் பரவட்டும். ஒவ்வொருவரும் பக்கத்தில் காலியாக உள்ள குறைந்த எண்ணுக்கு நகர வேண்டும். 'நெய்பர்ஸ்' (மூலைகளும் சேர்த்துச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்கள்) போடாதீர்கள், 'நெய்பர்ஸ்4' (நேராக ஒட்டிய நான்கு மட்டும்) போடுங்கள். இல்லையென்றால் சுவர் மூலையில் குறுக்கே புகுந்துவிடுவார்கள்.

தாக்குபவனை உருவாக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு வாசலை மூடி, எண்களை மறுபடி கணக்கிட்டால் போதும். ஆனால் அது எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடக் கூடாது. செய்தி காதில் விழும்வரை பழைய எண்களைப் பார்த்தே நடக்கட்டும். 2008 நவம்பர் 26 அன்று மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் துப்பாக்கிச் சூடு நடந்துகொண்டிருக்கையில், அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே பயணிகளைப் பின்பக்கமாக வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார். நம் மாதிரியில் அந்தக் குரல் ஒரு ஸ்லைடர்: 10 நொடியில் வந்தால் என்ன, 60 நொடியில் வந்தால் என்ன என்று நகர்த்திப் பாருங்கள். என் படத்தில் கதவை அகலப்படுத்தியதைவிட இதுதான் அதிகம் மாற்றியது.

பின்சேர்க்கை: "கதவில் நெரிசலே வரவில்லையே" என்று இருவர் கேட்டிருந்தார்கள். சரியான கேள்வி. நிஜத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் நொடிக்குச் சுமார் 1.3 பேர்தான் போக முடியும். என் கதவோ ஒரே கட்டத்தில் நொடிக்கு மூவரைத் துப்பிக்கொண்டிருந்தது! 40 சென்டிமீட்டர் கட்டத்துக்கு அது நொடிக்குச் சுமார் அரை ஆள்தான்; அதனால் வாசல் கட்டம் ஒவ்வொன்றும் 6 டிக்குக்கு ஒருவரை மட்டும் விடட்டும். நூலகத்துக்குக் கொடுத்த அறிக்கையைத் திரும்ப வாங்கி, நிமிடக் கணக்கை மாற்றி எழுதினேன்.