எட்டோஷாவில் ஒரு பகல், ஓர் இரவு: முதல்முறை போகிறவர்களுக்கு

நமீபியாவின் எட்டோஷா பூங்காவில் நாமே வண்டி ஓட்டிக்கொண்டு விலங்குகளைப் பார்க்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை அநேகமாகக் கிடையாது. தேங்கிய தண்ணீரெல்லாம் வற்றி, மிச்சமிருக்கும் நீர்க்குட்டைகளுக்கே விலங்குகள் வந்தாக வேண்டும். அதனால் தேடி அலையாமல் ஒரு குட்டையருகே காத்திருப்பதே சரி.

புறப்படும் முன்

ஜூலையில், அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்து ஒகாகூயோ முகாமில் அறை எடுங்கள். 8×42 பைனாகுலர் போதும். 12 மடங்கு என்றால் கைநடுக்கத்தில் காட்சி ஆடும். 2 கிலோ அரிசி போட்டுத் தைத்த துணிப்பை, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச், ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஸ்வெட்டரை மறக்காதீர்கள், இரவில் 10 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும்.

பகல்

1. சூரிய உதயத்தில் வாயில் திறக்கும்போதே கிளம்புங்கள். வேக வரம்பு 60 கி.மீ. ஆனால் 30-க்கு மேல் போனால் புதர் நிழலில் படுத்திருக்கும் சிங்கம் கண்ணில் படாது.

2. குட்டையருகே எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, அரிசிப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் கேமராவைப் பதியுங்கள். எஞ்சின் ஓடினால் அந்த அதிர்விலேயே படம் கலங்கும். வண்டியை விட்டு இறங்கவே கூடாது.

3. ஸ்பிரிங்பாக் மான்களைக் கவனியுங்கள். மேய்கிற கூட்டம் சட்டென்று நின்று, எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பினால், அந்தத் திசையில்தான் வேட்டையாடும் விலங்கு இருக்கும்.

4. யானை வரும் தடத்தை மறித்து நிற்காதீர்கள். வெண்களிமண் பூசிய இந்த யானைகள் காதை விரித்துத் தலையை உலுக்கினால் மெதுவாகப் பின்வாங்குங்கள். ஹாரன் வேண்டாம்.

நண்பகலில் தூரத்துப் படங்கள் மசமசவென்று வந்தால் லென்ஸைச் சந்தேகிக்க வேண்டாம், கானல்தான் காரணம். சூரியன் மறையுமுன் முகாமுக்குள் வந்துவிடுங்கள், வாயில் மூடிவிடும்.

இரவு

முகாமின் மதிலை ஒட்டியே, மங்கலான விளக்கொளியில் ஒரு குட்டை இருக்கிறது. கருப்பு காண்டாமிருகம் வருவது பெரும்பாலும் இருட்டிய பிறகு. அதற்குப் பார்வை மந்தம், செவியும் மூக்கும் கூர்மை. தண்ணீருக்குப் பத்தடி முன்னால் நின்று, ஒரு காதை முன்னும் ஒரு காதைப் பின்னுமாகத் திருப்பிக் கேட்கும். அந்த நேரம் ஜாக்கெட் ஜிப்பை இழுத்தால்கூடத் திரும்பிப் போய்விடலாம்.

பிறகு வானம். விளக்கைவிட்டு விலகி, முகாம் வேலிக்குள்ளேயே இருட்டான மூலையில் 25 நிமிடம் உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் பிடிக்கும். நடுவில் ஒருமுறை போன் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். வெளிச்சம் வேண்டுமானால் அந்தச் சிவப்பு டார்ச்தான்.

எட்டு மணிக்குத் தெற்கே, சிலுவை வடிவில் நாலு நட்சத்திரங்கள் கொண்ட தென்சிலுவை உயரத்தில் நிற்கும். அதன் நெடுங்கோட்டை அடிப்பக்கமாக நாலரை மடங்கு நீட்டினால் தென்துருவப் புள்ளி, அதாவது தென்வானம் சுற்றுவதுபோல் தெரியும் மையம். சரிபார்க்க, கையை நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அடிவானத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு முஷ்டி உயரத்தில் அந்தப் புள்ளி வர வேண்டும். ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி, எட்டோஷா 19 டிகிரி தெற்கில் இருப்பதால் இந்தக் கணக்கு.

பத்து மணிக்கு விருச்சிகம் உச்சிக்கு வந்துவிடும். நம் ஊரில் தெற்கே சாய்ந்து தெரியும் கேட்டை, இங்கே அண்ணாந்தால் தலைக்கு மேல் செக்கச்செவேலென்று நிற்கும். மூலம் வரை வளைந்த வாலை நட்சத்திரம் நட்சத்திரமாக எண்ணலாம்.

படமெடுக்க 20 மி.மீ. லென்ஸ், துளை (அபர்ச்சர்) f/2.8, ஐஎஸ்ஓ 3200, 20 நொடி. ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் தடுமாறும். பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிக் கையால் கூர்மைப்படுத்துங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கீழே வைக்காதீர்கள், முகாமுக்குள் நரி சுற்றும்.