தேயிலையின் உடன்பிறப்பு: நீலகிரித் தோட்டங்களில் பனிக்காலப் பூவுக்குக் கமேலியா

மார்கழியும் தையும் நீலகிரியின் வீட்டுத் தோட்டங்களில் நிறம் வற்றிப்போகும் மாதங்கள். உறைபனி விழுந்த ஒரே இரவில் டேலியா கருகிவிடும். ஹைட்ரேஞ்சியாவின் பூங்கொத்துகள் காய்ந்து செடியிலேயே நிற்கும். புல்தரை வைக்கோல் நிறத்துக்கு மாறும். குளிர்நாடுகளில் இந்த வெறுமையைப் போக்க விட்ச் ஹேசல் என்னும் இலையுதிர் புதரை நடுகிறார்கள். ஆனால் அது மாதக்கணக்கில் விடாத குளிரில் உறங்கி எழுந்து பூக்கும் இனம். இரவில் பனி உறைந்தாலும் பகலில் 20 டிகிரியை ஒட்டி வெயில் காயும் நம் மலைக்கு அதைவிடப் பொருத்தமானது, ஆண்டு முழுவதும் பச்சையாக நின்று குளிரில் பூக்கும் கமேலியாதான். 1874இல் தொடங்கப்பட்ட குன்னூர் சிம்ஸ் பூங்காவில் அது வளர்வதைப் பலரும் பார்த்திருக்கலாம்.

தேயிலையும் கமேலியா பேரினத்தைச் சேர்ந்ததே. லின்னேயஸ் 1753இல் இரண்டையும் தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்து வைத்தார். பின்வந்த தாவரவியலாளர்கள் அவற்றை ஒன்றாகச் சேர்த்தனர். கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யாமல் விட்ட தேயிலைச் செடியில் மலரும் சிறு வெள்ளைப் பூவின் நடுவே இருக்கும் மஞ்சள் மகரந்தக் கற்றையே, ஒற்றை அடுக்குக் கமேலியாவின் சிவப்பு இதழ்களுக்கு நடுவிலும் இருப்பதைக் கண்டால் உறவு விளங்கிவிடும். ஆகவே தேயிலை வளர்த்தவருக்குக் கமேலியாவின் பாதி முன்பே தெரியும். சிக்கல் மறுபாதியில் இருக்கிறது: தேயிலையில் நாம் கேட்பது கொழுந்து, கமேலியாவில் கேட்பது மொட்டு.

முதலில் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சசான்குவா வகை ஐப்பசி, கார்த்திகையிலேயே பூக்கத் தொடங்கும். பூ சிறியது, மெல்லிய மணம் உண்டு, வெயிலையும் ஓரளவு தாங்கும். ஜப்பானிக்கா வகை மார்கழி முதல் மாசி வரை பெரிய பூக்களைத் தரும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் சசான்குவாவின் பூக்கள் மழையில் நைந்துபோக வாய்ப்பு அதிகம் என்பதால், அங்கே மழை ஓய்ந்த பின் மலரும் ஜப்பானிக்காவையே நான் பரிந்துரைப்பேன். உறைபனி கடுமையாக விழும் தலைக்குந்தா போன்ற இடங்களில் நிலைமை நேர்மாறானது. பனி உச்சமடையும் முன் பெரும்பாலான பூவை முடித்துக்கொள்ளும் சசான்குவா அங்கே நம்பகமானது. 1920களில் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஜே.சி. வில்லியம்ஸ் கலப்பின முறையில் உருவாக்கத் தொடங்கிய வில்லியம்சி வகைகள் கிடைத்தால் விடாதீர்கள். ஜப்பானிக்காவின் பூக்கள் வாடிய பிறகும் பழுப்பாகக் கிளையிலேயே தொங்கும். வில்லியம்சியின் பூக்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். எந்த வகையானாலும், வெள்ளையிலும் வெளிர் இளஞ்சிவப்பிலும் பனிபட்ட கறை பளிச்செனத் தெரியும். சிவப்பில் அவ்வளவாகத் தெரியாது.

இடம் தேர்வதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வீட்டு வாசலுக்கு நேரே, காலை வெயில் நன்றாக விழும் கிழக்குப் பக்கத்தில் நட்டால் அழகாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் இரவில் உறைந்த மொட்டின்மீது சூரியன் திடீரென அடித்தால் திசுக்கள் வேகமாக உருகிச் சிதைந்து, மலர வேண்டிய மொட்டு பழுப்பாகிவிடும். மெதுவாக உருகும் மொட்டு பிழைத்துக்கொள்ளும். எனவே சுவரின் மேற்குப் பக்கமோ வடக்குப் பக்கமோ, சில்வர் ஓக் போன்ற மரங்களின் சல்லடை நிழலோ நல்லது. கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) அருகே வேண்டாம்; அதன் வேர்கள் ஈரத்தை முந்திக்கொள்ளும். சரிவான நிலத்தில் குளிர்ந்த காற்று தண்ணீரைப்போல் கீழ்நோக்கி வழிந்து பள்ளத்தில் தேங்குவதால், தோட்டத்தின் அடிமட்டத்தில் அடர்ந்த வேலிக்கு மேட்டுப் பக்கமாக நடுவதையும் தவிர்க்க வேண்டும்.

மண்ணைப் பற்றிக் கவலை குறைவு. தேயிலை செழிக்கும் அமில மண்ணே கமேலியாவுக்கும் உகந்தது, பி.எச். அளவு 5 முதல் 6.5 வரை இருக்கலாம். இரண்டு இடங்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. முன்பு கேரட்டோ முட்டைகோஸோ பயிரிட்டுச் சுண்ணாம்பு இட்ட நிலம் ஒன்று. புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றி சிமெண்டும் காரைத் துண்டுகளும் புதைந்து கிடக்கும் நிலம் மற்றொன்று. இவற்றில் இளம் இலைகள், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்றப் பகுதி மஞ்சளாகும். அமிலத்தன்மை குறைந்ததால் செடிக்கு இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்பதன் அடையாளம் அது. நடுவதற்கு முன் மண்ணைப் பரிசோதித்துக்கொள்வது மலிவான காப்பீடு. அடுப்புச் சாம்பலும் காரத்தன்மை உடையது என்பதால் இந்தச் செடிக்குப் போடக் கூடாது.

நடுவதற்கு ஏற்றது தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஆனி மாதம். உறைபனி வருமுன் வேர் பிடிக்க ஐந்தாறு மாதங்கள் கிடைக்கும். 60 செ.மீ. அகலமும் 45 செ.மீ. ஆழமும் உள்ள குழியில், எடுத்த மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு இலைமக்கு கலந்து நிரப்ப வேண்டும். இலைமக்குக்காகச் சோலைக்காட்டு மண்ணை அள்ளி வராதீர்கள்; அது காட்டுக்கு உரியது, மக்கிய கவாத்துத் தழையே போதும். கமேலியாவின் வேர்கள் மேலாகவே பரவுபவை என்பதால், பையில் இருந்த மண்மட்டம் தரைமட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி நட வேண்டும். ஆழமாகப் புதைக்கப்பட்ட செடி பல ஆண்டுகள் வளராமலும் சாகாமலும் நிற்கும். செடிக்குச் செடி இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு, தண்டைத் தொடாமல் 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குக் காய்ந்த இலைகளால் மூடாக்கு இட்டுவிட்டால், அடியில் கொத்த வேண்டிய வேலை இல்லை, கொத்தவும் கூடாது.

இனி மறுபாதியான மொட்டு. கோடை மழையில் விடும் தளிர் முற்றியதும், அதன் நுனியிலும், இலைகள் தண்டோடு சேரும் கக்கங்களிலும் அடுத்த பனிக்காலத்துக்கான பூமொட்டுகள் உருவாகின்றன. அதனால் கவாத்து செய்ய ஒரே தருணம்தான் உண்டு: பூ முடிந்து, புதுத்தளிர் தொடங்குவதற்கு முன். என் வீட்டில் முதல் கமேலியாவை ஆவணி மாதத்தில், எஸ்டேட்டில் முப்பது ஆண்டு உழைத்த ஒரு பெரியவரிடம் ‘சற்றுச் சீர்செய்யுங்கள்’ என்று விட்டுவிட்டு நான் சந்தைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது செடி மேசைபோல் மட்டமாக, குறை சொல்ல முடியாத கவாத்தோடு நின்றது. அந்தப் பனிக்காலம் முழுவதும் ஒரு பூ இல்லை. குற்றம் அவருடையது அல்ல, விளக்கிச் சொல்லாத என்னுடையது.

உரத்திலும் இதே கவனம் வேண்டும். தேயிலைக்குப்போல் தழைச்சத்தைத் தொடர்ந்து கொடுத்தால் இலைதான் பெருகும். பூ முடிந்ததும் சிறிதளவு அம்மோனியம் சல்பேட்டும், மழை தொடங்கும்போது மக்கிய தொழுவுரமும் போதும். ஆவணிக்குப் பின் எதுவும் வேண்டாம். மொட்டு பெருக்கும் காலத்தில் ஒருமுறை வேர் வறண்டாலும், அல்லது நீர் தேங்கினாலும், மொட்டுகள் வாரங்கள் கழித்துக் கொத்துக்கொத்தாக உதிரும்; காரணத்தை அப்போது தேடுவோர் பனியைப் பழிப்பார்கள். மழையில்லாத தை முதல் பங்குனி வரை வாரம் இருமுறை நன்றாக நனையும்படி நீர் விடுவது அவசியம். ஒரே இடத்தில் இரண்டு மூன்று மொட்டுகள் நெருங்கி இருந்தால், பருத்த ஒன்றை விட்டு மற்றவற்றைத் திருகி எடுத்துவிடலாம். கூராக மெலிந்திருப்பது இலைமொட்டு, அதைத் தொடக் கூடாது. உறைபனி எதிர்பார்க்கும் மாலையில் இளஞ்செடிகளைப் பெரணித் தழையால் மூடி, மறுநாள் வெயில் ஏறுமுன் நீர் தெளித்துப் பனியைக் கரைக்கும் தேயிலை விவசாயிகளின் வழக்கம் இங்கும் அப்படியே பொருந்தும்.

இலையின் அடியில் செதில் பூச்சி ஒட்டியிருந்தால் மேலிலையில் கரும்பூசணம் படியும். வேப்பெண்ணெய்க் கரைசல் இரண்டு மூன்று முறை தெளித்தால் அடங்கும்.

விதையிலிருந்து வரும் செடி தாயைப்போல் பூக்காது, பூக்கவும் பல ஆண்டுகள் எடுக்கும். ஆகவே ஆடியில், பழுப்பேறத் தொடங்கிய அவ்வாண்டுத் தளிரிலிருந்து 10 செ.மீ. துண்டுகளை வெட்டி, தேயிலை நாற்றங்காலில் செய்வதுபோல், நிழலில் பாலித்தீன் கூடாரத்துக்குள் பைகளில் ஊன்றுங்கள். இரண்டு மூன்று மாதங்களில் வேர் பிடிக்கும். அந்தப் பனிக்காலத்தைக் கூரைக்குக் கீழே கழித்த பிறகு, மறு ஆனியிலோ அதற்கு அடுத்த ஆனியிலோ நிலத்துக்கு மாற்றலாம்.