பிக்கப்பில் கேன் லைன் கோளாறு: மல்டிமீட்டரை வைத்தே கண்டுபிடிக்கலாம்

செக் லைட்டும் ஏபிஎஸ் லைட்டும் ஒன்றாக எரிகிறது. ஸ்பீடோமீட்டர் முள் ஓட்டத்திலேயே ஜீரோவுக்கு விழுகிறது. கொஞ்ச தூரம் போனதும் தானாகச் சரியாகிறது. வண்டி இப்படி ஆட்டம் காட்டினால், நாலு பார்ட்டும் ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் லைனில்தான் கோளாறு இருக்கும். இது தெரியாமல் கடன் வாங்கி, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசிஎம்மை மாற்றி, அப்புறமும் அதே லைட்டோடு வந்து நிற்கும் வண்டிக்காரர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த லைனுக்குப் பெயர் கேன். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்தியது. ஒன்றையொன்று முறுக்கிய இரண்டே வயர்: கேன் ஹை, கேன் லோ. சும்மா இருக்கும்போது இரண்டிலும் 2.5 வோல்ட். பேசும்போது ஹை 3.5-க்கு ஏறும், லோ 1.5-க்கு இறங்கும். இந்த வித்தியாசத்தைத்தான் எல்லா மாட்யூலும், அதாவது இன்ஜின், ஏபிஎஸ், மீட்டர் என்று ஒவ்வொன்றையும் நடத்தும் சின்ன கம்ப்யூட்டர்களும், படிக்கின்றன. லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும்.

முதலில் பேட்டரி, எர்த். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் மாட்யூல்கள் மயங்கி, இல்லாத கோளாறுக்கெல்லாம் கோட், அதாவது கோளாறு எண், போடும். எர்த்தை ஓம்ஸில் பார்க்காதீர்கள். இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே வோல்ட் பாருங்கள்; அப்புறம் சேஸிஸுக்கும். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, இறுக்கிப் போடுங்கள். பல வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும்.

அடுத்து, இந்தக் கோடுகளைப் படிக்கும் ஸ்கேனர். இன்ஜின் கோட் மட்டும் எடுத்தால் போதாது, எல்லா மாட்யூலையும் ஸ்கேன் செய்து, எது பதில் சொல்கிறது, எது சொல்லவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். யு0100 என்றால் இன்ஜின் மாட்யூலோடு தொடர்பு இல்லை என்று பொருள். யு0121 ஏபிஎஸ், யு0155 மீட்டர் போர்டு. இந்தக் கோட் பதிவாகியிருக்கும் மாட்யூல் புகார் கொடுக்கும் ஆள். குற்றவாளி அது இல்லை. ஒன்று மட்டும் பேசவில்லை என்றால் அதன் பியூஸ், எர்த், வயர் மாட்டும் கப்ளரைப் பாருங்கள். யாருமே பேசவில்லை என்றால் மெயின் லைன்.

இப்போது மல்டிமீட்டர். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் பொறுங்கள். ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் 6-ம் பின் கேன் ஹை, அதற்கு நேர் கீழே 14-ம் பின் கேன் லோ. இரண்டுக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். ப்ரோபைத் திணித்தால் பின் அகன்றுவிடும், மெல்லிய ஊசி முனை வைத்துப் பாருங்கள். இரண்டு 120-ம் பேரலலாக இருப்பதால் 60 வர வேண்டும்; வந்தால் லைனின் இரண்டு முனையும் சேர்ந்திருக்கிறது. 120 வந்தால் எங்கோ ஒரு முனை அறுந்திருக்கிறது. ஜீரோவை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஒட்டியிருக்கின்றன. சாக்கெட்டுக்கும் லைனுக்கும் நடுவே கேட்வே என்ற மாட்யூல் உள்ள வண்டிகளில் இந்தக் கணக்கு சாக்கெட்டில் சரியாக வராது. கேட்வேக்குப் பின்னால் போய் அளக்க வேண்டும்.

60 வந்துவிட்டதே என்று மீட்டரை மூடி வைத்துவிடாதீர்கள். நாமக்கல்லில் முட்டை லோடு அடிக்கும் ஒரு பிக்கப்பில் கச்சிதமாக 60 காட்டியது. ஆனால் பள்ளத்தில் இறங்கினால் இன்ஜின் அணையும். பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் செய்து, 6-ம் பின்னுக்கும் 4-ம் பின் எர்த்துக்கும் நடுவே வோல்ட் வைத்தேன். 2.6 நின்றது. பையனைப் பின்னால் ஏறி பாடியை ஆட்டச் சொன்னேன். ஜீரோ! கேன் ஹை சேஸிஸில் தொடுகிறது. வயரைத் தடவிக்கொண்டே பின்னால் போனால், பாடியைச் சேஸிஸோடு பிடிக்கும் யு-போல்ட்டுக்கு அடியில் ஹார்னஸ், அதாவது வயர் கட்டு, நசுங்கியிருந்தது. டேப்பைப் பிரித்ததும் முறுக்கிய ஜோடியில் ஒரு வயரின் தோல் தட்டையாகிப் பிளந்து, முடி கனத்துக்கு ஒரே ஒரு செம்பு இழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் பச்சைக் களிம்பு. பாடி கட்டிய அன்றே நசுங்கியிருக்க வேண்டும். மழைக்குப் பிறகுதான் வேலையைக் காட்டியிருக்கிறது.

சரியான லைனில் 6-ல் 2.6 முதல் 2.8 வரையும், 14-ல் 2.2 முதல் 2.4 வரையும் வரும். கூட்டினால் ஏறக்குறைய 5. ஒன்றில் 12 காட்டினால் பேட்டரி லைனோடு ஒட்டியிருக்கிறது. வயரில் எதுவும் சிக்கவில்லையென்றால் மீட்டரைப் பார்த்துக்கொண்டே மாட்யூல் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் லைன் உயிர் பெறுகிறதோ, அதுதான் லைனைப் பிடித்து இழுக்கிறது. புகைக்குழாயில், புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் உள்ள வண்டி என்றால் அதை முதலில் கழற்றிப் பாருங்கள். சூட்டிலும் தண்ணீரிலும் கிடக்கும் பார்ட் அது. ஓம்ஸில் வைத்துக் கழற்றும்போது 60 திடீரென்று 120 ஆனால் பயப்பட வேண்டாம், முனை ரெசிஸ்டர் அந்த மாட்யூலுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். ஓபிடி வயரில் தோலைச் சீவி ஜிபிஎஸ் மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இருந்தால் அதைப் பிரித்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

ஒட்டுப் போடும்போது இரண்டு வயரையும் ஒரே இடத்தில் வெட்டாமல் முன்பின்னாக வெட்டுங்கள். ஒட்டி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு, பழையபடி முறுக்கி விடுங்கள். அந்த முறுக்குதான் வெளி இரைச்சலைத் தடுக்கிறது. வெறும் கருப்பு டேப் வேண்டாம், அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கோடுகளை அழித்துவிட்டு லோடோடு கரடுமுரடான ரோட்டில் ஓட்டி, திரும்ப ஸ்கேன் செய்யுங்கள். பாடியில் வெல்டிங் வேலை இருந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே ஆரம்பிக்கச் சொல்லுங்கள், வெல்டிங் எர்த்தையும் வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடிக்க வைக்கச் சொல்லுங்கள்.